ஜோடி மாறிய விடைக்குறிப்பு

"விடைக்குறிப்பே தப்புங்கிறீங்க. டீச்சர், உங்க பொண்ணும் இந்தப் பரீட்சைதானே எழுதியிருக்கா?"

முகாம் அதிகாரி இப்படிக் கேட்டதும், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கூடமே நிமிர்ந்து பார்த்தது.

"ஆமா சார். அவ பேப்பர் வேற ஊர் முகாமுக்குப் போயிருக்கு" என்றாள் வேதியியல் டீச்சர்.

"விடைக்குறிப்பு எல்லா முகாமுக்கும் ஒண்ணுதானே?" பக்கத்து மேசை ஆசிரியர் சன்னமாக எடுத்துக் கொடுத்தார்.

யாரோ சிரித்தார்கள். டீச்சருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் நேராகக் கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தாள்.

"பதினேழாவது கேள்வி. அம்மோனியாவும் தண்ணியும் சேர்ந்து அம்மோனியமும் ஹைட்ராக்சைடும் வருது. இதுல இணை அமில-கார ஜோடி எது எதுன்னு கேட்டிருக்காங்க. குறிப்புல அம்மோனியாவுக்கு ஹைட்ராக்சைடை ஜோடி சேர்த்திருக்கு. தப்பு சார்."

"பெரிய ஆளுங்க தயாரிச்சது டீச்சர்."

"இருக்கட்டும். ஜோடின்னா நடுவுல ஒரே ஒரு புரோட்டான்தான் வித்தியாசம். தண்ணி ஒண்ணைக் கொடுத்துட்டு ஹைட்ராக்சைடு ஆகுது. அதை வாங்கிக்கிட்ட அம்மோனியா, அம்மோனியம் ஆகுது. அம்மோனியாவுல இருக்கிறது நைட்ரஜன், ஹைட்ராக்சைடுல இருக்கிறது ஆக்சிஜன். ஒரு புரோட்டான் மாறினா நைட்ரஜன் எப்படி சார் ஆக்சிஜன் ஆகும்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"மூணு மார்க்குக்கு இவ்வளவு மல்லுக்கட்டணுமா?" அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"என் கட்டுல மட்டும் பதினோரு பேர் சரியா எழுதியிருக்காங்க. அதுல ரெண்டு பேர் இந்த மூணு மார்க்ல ஃபெயில். சரியா எழுதின பிள்ளைக்குச் சைபர் போட்டுட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். வேணும்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

அதிகாரி தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர்கள் யாரையோ கேட்டார்கள், அந்த யாரோ இன்னொருவரைக் கேட்டார். டீச்சரின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

மூன்று மணிக்குத் திருத்திய குறிப்பு வந்தது. சரியான ஜோடிக்கு முழு மார்க். பழைய விடைக்கு ஒன்றும் கிடையாது. எல்லா முகாம்களிலும் இனி இதுதான்.

கூடம் கைதட்டியது. டீச்சர் பதினோரு சைபர்களையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு மூன்று மூன்றாகப் போட்டாள். அந்த இரண்டு பேரும் பாஸ்!

மாலையில் வாசலில் அவரவர் போனைத் திரும்ப வாங்கும்போது, பக்கத்து மேசை ஆசிரியர் விடவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க டீச்சர்! பொண்ணுக்கு மூணு மார்க் லாபம், இல்ல?"

டீச்சர் போனில் மகளைக் கூப்பிட்டாள்.

"ஏய், பதினேழாவது கேள்விக்கு அம்மோனியாவையும் ஹைட்ராக்சைடையும் ஜோடின்னு போட்டிருந்த குறிப்பையே மாத்த வெச்சுட்டேன்டி!"

மகள் கூவியது அவர் காது வரைக்கும் கேட்டது.

"தூள்ம்மா! தப்பா எழுதினதுக்கு எனக்குக் கிடைக்க இருந்த மூணு மார்க்கும் போச்சு, போ!"