இடப்பக்க நாற்காலி

'கிளிஃபர்டோடு போரில் இருந்தவர்கள் அவரை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்களா?'

ரொட்டியை நறுக்கிக்கொண்டே ஹில்டா யோசித்தாள். பத்து வருடமாக அவள் மனதைக் குடையும் கேள்வி அது. பதில் தெரிந்த மனிதர் அவளுடைய சமையலறையிலேயே, நனைந்த தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் கேட்க வாய் வரவில்லை.

சார்ஜென்ட் ஆக்ராய்ட். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அவள் கணவன் கிளிஃபர்டும் அவரும் ஒரே பீரங்கியில் வேலை பார்த்தவர்கள். ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து பஸ் பிடித்து, மழையோடு மேடேறி வந்திருந்தார்.

ஹில்டா தேநீரை வைத்தாள். அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அடுப்பு அந்தப் பக்கம்ல இருக்கு? இங்க வந்து குளிர்ல உட்கார்றீங்க?"

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு சார்ஜென்ட்."

"உங்க கப்புல சர்க்கரை போடலையே?"

"பழகிப்போச்சு."

"ஒண்டி ஆளுக்கு ரேஷன் சர்க்கரை மிஞ்சணுமேம்மா! எங்க வீட்டுல இத்தனை வாய் இருந்தும் என் பெண்டாட்டி டப்பாவுல ஒளிச்சு வைக்கிறா. உங்க சர்க்கரையெல்லாம் எங்கதான் போகுது?"

"இங்க எலித் தொல்லை ஜாஸ்தி."

சார்ஜென்ட் மேஜை அதிரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம படைப் பயிற்சிக் கூடத்து வாசல்ல நினைவுக் கல் வைக்கிறோம்மா. பிரான்சிலிருந்து திரும்பி வராத நம்ம ஆளுங்க பேரையெல்லாம் வெட்டியாச்சு. கிளிஃப் பேருக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருக்கோம். 'காணவில்லை'ன்னுதானே உங்களுக்குத் தந்தி வந்தது? வீட்டுக்காரங்க வாயால சரின்னு ஒரு வார்த்தை வராம எப்படி வெட்டறது? நீங்க சரின்னா, நவம்பர்ல நீங்களே வந்து திரையை விலக்கணும்."

ஹில்டா மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"கடைசி நாள்ல என்னதான் ஆச்சு சார்ஜென்ட்?"

"கால்வாய்க் கரையில இருந்தோம். எங்க பீரங்கி ஒண்ணுதான் மிச்சம். கிளிஃப் இடப்பக்க இருக்கையில உட்கார்ந்து குறி பார்த்துக்கிட்டே இருந்தான். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தப்போ பீரங்கி இருக்கு, அவன் இல்லை."

"ஓடிப்போயிட்டார்னு யாராவது..."

"ஒருத்தன் சொன்னான். அவன் மூக்கை உடைச்சேன்." சார்ஜென்ட் தன் முஷ்டியைப் பார்த்துக்கொண்டார். "அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஓடியிருந்தாத்தான் என்ன? எனக்கும்தான் கால் துடிச்சது. காதுல ரத்தம் வழிய வழிய அவன் அந்த இருக்கையை விட்டு அசையாம இருந்ததாலதான் நாங்க கொஞ்சப் பேராவது படகு ஏறினோம். ராணுவம் வேணா மன்னிக்காது. ஓடினவங்களை இன்னைக்கும் தேடிப் பிடிச்சு உள்ள போடுது. எங்கள்ல ஒருத்தனுக்கும் அவன் மேல கோபம் கிடையாதும்மா."

ஹில்டா சட்டென்று எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். கெண்டியில் தண்ணீர் போதுமான அளவு இருந்தது. இருந்தாலும் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். முகம் சரியாகும்வரை அங்கேயே நின்றாள்.

சார்ஜென்ட் சுவரில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்னால் வந்து, அவருடைய இடது தோளை லேசாகத் தட்டினாள்.

"இன்னொரு கப் ஊத்தட்டுமா?"

அவர் திரும்பி, தன் தோளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ம்... ஊத்துங்க. கல்யாணம் ஆகி எத்தனை நாள்ல கிளிஃப் கப்பல் ஏறினான்?"

"நாலாம் நாளே. அதுக்கப்புறம் லீவே கிடைக்கலை."

"அப்போ அவனுக்குக் காது நல்லாக் கேட்டிருக்கும், இல்ல?"

"பாம்புச் செவி! பக்கத்து வீட்டு மிஸஸ் பிக்கிள்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுக்கிறதைக்கூட வார்த்தை பிசகாம எனக்குத் திருப்பிச் சொல்வார்." ஹில்டா சிரித்தாள்.

இந்த முறை சார்ஜென்ட் சிரிக்கவில்லை. வலது காதைத் தேய்த்துக்கொண்டார்.

"இது எனக்குச் சுத்தமா செத்துப்போச்சும்மா. நானும் கிளிஃபும் மாறி மாறித்தான் அந்த இருக்கையில உட்காருவோம். பீரங்கி வலப்பக்கம் வெடிக்கும். அங்க உட்கார்ந்தவன் எவனுக்கும் இந்தக் காது தப்பலை. என் இடப்பக்கம் வந்து பேசணும்னு என் பெண்டாட்டிக்குப் புரியவே வருஷக்கணக்கா ஆச்சு. முதல்ல தோளைத் தட்டணும்ங்கிறது இன்னைக்கும் வரலை. வலப்பக்கம் நின்னு கத்திட்டு, 'மரம் மாதிரி உட்கார்ந்திருக்கியே'ன்னு என்னையே திட்டுவா."

ஹில்டாவின் கை கெண்டியோடு அப்படியே நின்றது.

சார்ஜென்ட் தன் இடப்பக்கத்து இடுக்கில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். சர்க்கரை இல்லாத அவளுடைய கப்பைப் பார்த்தார். மெதுவாக எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார்.

"கல்லுல அந்த இடம் காலியாவே இருக்கட்டும்மா. யாராவது கேட்டா, வீட்டுல சம்மதிக்கலைன்னு சொல்லிக்கிறேன்." வாசல்வரை போனவர் நின்றார். குரல் தாழ்ந்து, கிட்டத்தட்டக் கெஞ்சலாக வந்தது. "மாடிக்குப் போய் அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசிட்டு வரட்டுமா? யாருக்கும் கோபம் இல்லைன்னு மட்டும்?"

ஹில்டா மாடிப்படியை மறைத்தாற்போல வந்து நின்றாள்.

"வேண்டாம் சார்ஜென்ட்," என்றாள் மெல்ல. "அவரோட இடது காதுல நானே சொல்லிக்கிறேன்."