அவரே அடிக்கட்டும்

"நீ தள்ளி நில்லும்மா. அவரே அடிக்கட்டும்."

லூர்துராணி சொன்ன வேகத்தில், நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள் ஷஹனாஸ்.

கரூர் பைபாஸ் ரோட்டில் ஷஹனாஸ் நடத்துவது கார் ஆக்சஸரீஸ் கடை. கடை வாசலில் அந்த வேன் நின்றது. ஒரு காலத்தில் ஸ்கூல் வேன். இப்போது சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து உள்ளே ஒரு குட்டி வீடே கட்டியிருந்தார்கள்.

ஓட்டிக்கொண்டு வந்தவர் லூர்துராணி. பக்கத்து சீட்டிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் அவருடைய கணவர் அருள்நாதன். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்ததில் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காது. நடக்கும்போது காலையும் லேசாக இழுப்பார்.

"வேன்லயே ஊர் ஊரா சுத்தப் போறோம். இன்னைக்கே கிளம்பறோம். ஸ்ரீரங்கம் பாலம் தாண்டிட்டா அப்புறம் திரும்பிப் பார்க்கறதா இல்ல" என்று வந்ததுமே சொன்னார் லூர்துராணி. "வழியில டயர்ல காத்து இறங்கினா அடிக்கறதுக்குச் சின்னதா ஒரு மெஷின் வேணும்."

ஷஹனாஸ் கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்துக் காட்டினாள். அருள்நாதன் இடது கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது பைக்குக்குச் சரிம்மா. எங்க டயருக்கு அம்பது பாயிண்ட் வைக்கணும். பாதியிலேயே சூடாகி நின்னுடும்."

"அப்ப இதைப் பாருங்க அங்கிள். பேட்டரி பெருசு. அம்பதுன்னு செட் பண்ணிட்டா, அம்பது வந்ததும் தானா ஆஃப் ஆயிடும்."

"அடிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்குவோம்" என்றார் லூர்துராணி.

அருள்நாதன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல முட்டி போட்டார். பைப்பின் முனையை வால்வில் திருகி மாட்ட வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது கையால் இரண்டு சுற்று ஏற்றுவார், வலது கை பிடியை விட்டுவிடும். காற்று புஸ்ஸென்று வெளியே போகும். மறுபடியும் முதலிலிருந்து.

அப்போதுதான் ஷஹனாஸ் உதவிக்குக் குனிந்தாள். லூர்துராணி தடுத்தார்.

"ஆன்ட்டி, பாவம் அங்கிளுக்கு எப்படி வேர்க்குது பாருங்க. நான் மாட்டித் தரேனே."

"நடுரோட்டுல நிக்கும்போது நீ வருவியா?"

"நீங்க கூட இருப்பீங்கல்ல? நீங்க அடிக்கலாமே?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

இத்தனை பெரிய வேனை ஓட்டத் தெரிகிறது, காற்றடிக்கத் தெரியாதாமா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள் ஷஹனாஸ்.

அடுத்தது வண்டியில் வயரைச் சொருகி ஓட்டுகிற வகை. பின் டயருக்கு வயர் எட்டவில்லை.

அருள்நாதன் மூச்சு வாங்கினார். "போதும் ராணி. நீயே ஏதாவது ஒண்ணை எடு. போகலாம்."

"முடியலைன்னா சொல்லிடுங்க. வண்டியை வித்துடலாம்."

முன்பின் தெரியாத ஒருத்தி எதிரில், இப்படியா பேசுவது? ஷஹனாஸுக்கே முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்தாள்.

"வேண்டாம், எடுத்துட்டுப் போ" என்றார் லூர்துராணி. "வேற மெஷின் இருந்தா காட்டு."

மேல் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தாள் ஷஹனாஸ். இதில் திருகுகிற வேலை இல்லை. முனையை வால்வில் வைத்து அழுத்தி, சின்ன லிவர் ஒன்றை மடக்கினால் கவ்விக்கொள்ளும்.

முதல் தடவை நழுவியது. அருள்நாதன் உதட்டைக் கடித்துக்கொண்டார். வராத வலது கையைத் தூக்கிப் பைப்பின் மேல் பாரமாகக் கிடத்தினார். அது அசையாமல் இருக்க, இடது கைக் கட்டைவிரலால் லிவரை மடக்கினார்.

டக்.

பட்டனை அழுத்தினார். மெஷின் உறுமியது. நம்பர் ஏறிக்கொண்டே போய் ஐம்பதில் தானாக நின்றது.

ஷஹனாஸ் கைதட்டிவிட்டாள். லூர்துராணி சிரிக்கக்கூட இல்லை.

"முன் டயரும் கம்மியாத்தான் இருக்கு" என்றார்.

அருள்நாதன் எழுந்தபோது லூர்துராணியின் கை அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. தொடவில்லை. அவர் நேராக நின்றதும் கை திரும்பிவிட்டது.

முன் டயருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.

"இதுதாம்மா. இதையே குடு" என்றார் அருள்நாதன், சட்டையெல்லாம் நனைந்து.

பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பப் போனார் லூர்துராணி. மெஷினை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்த ஷஹனாஸுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க அங்கிள். ஆன்ட்டி உங்களை இப்படிப் போட்டுப் படுத்தறாங்களே! ஒரு டயராவது அவங்க அடிச்சிருக்கலாம். தெரியலைன்னா நான் சொல்லிக் குடுத்திருப்பேன்."

அருள்நாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

"அவளுக்கா? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல, ஏர் பிரேக் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவம்மா அவ. ரயிலுக்கே காத்து சரியா இருக்கான்னு பார்த்து அனுப்பினவ."

ஷஹனாஸின் கை அப்படியே நின்றது. "அப்புறம் ஏன் தெரியாதுன்னு..."

"ஒரு டயருக்குக் காத்து அடிக்க லாயக்கில்லாதவனுக்கு எதுக்கு வண்டி, வித்துடலாம்னு நேத்து நான்தான் சொன்னேன். காலையில இங்க கூட்டிட்டு வந்துட்டா."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. டப்பாவை இடது கையில் இடுக்கிக்கொண்டார் அருள்நாதன்.

"ஸ்ட்ரோக் வந்ததிலேர்ந்து எல்லாரும் எனக்கு உதவி பண்றாங்கம்மா. பையன் செருப்பு மாட்டி விடறான், மருமக சோறு பிசைஞ்சு தரா. என்கிட்ட உதவி கேக்கறது இவ ஒருத்திதான்."