ஊதா மாமி

“ஊதா மாமி எழும்பிட்டாவா மகள்?”

தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு சுபைறா மகளின் லெப்டொப்பை எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் இல்ல உம்மா. ஏழு மணிக்குத்தான் வெளியில வருவா. நான் வேலை தொடங்குற நேரந்தான் அவவும் வாற.”

ஏழு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கல்முனையில் மஃரிப் தொழுகை முடிந்து விளக்குப் போட்டாயிற்று. மகள் பஸ்னாவின் திரையிலோ பளிச்சென்று காலை வெயில். அமெரிக்காவில் எங்கேயோ ஒரு பொடி ஊர். ஒற்றை வீதி, ஒரு பெற்றோல் ஷெட், வெள்ளைக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். அந்த வீதியின் கெமராக்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு வேலை. வாசலில் போட்டுவிட்டுப் போகும் பார்சலை எவனாவது தூக்கினால் உடனே எழுதி அனுப்ப வேண்டும். மூன்று மாதமாக ஒரு பார்சலும் களவு போகவில்லை. ஆனால் ஊர் முழுக்க அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

“ஒரு வீட்டுக்கும் மதில் இல்லயே,” என்றாள் சுபைறா. “அப்ப ஆக்கள் சும்மா சும்மா வந்து போவாங்க என்ன?”

“எங்க உம்மா. கார்ல போறவங்க எல்லாரும் கை காட்டுவாங்க, ஒருத்தரும் நிப்பாட்ட மாட்டாங்க. ஊதா மாமிட வாசலுக்குத் தபால்காரனைத் தவிர வேற ஒரு மனுசரும் வந்து நான் காணல்ல.”

“யா அல்லாஹ். மௌத்தாகிக் கிடந்தாலும் ஆருக்கும் தெரியாது போல.”

ஊதா மாமி என்பது பஸ்னா வைத்த பேர். எப்போதும் ஊதாச் சுவெட்டர் போட்டிருக்கும் எழுபது வயது மனுசி. வாசல் கதிரையில் வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை அசைய மாட்டாள். மடியில் என்னவோ வைத்துக் குனிந்தபடியே இருப்பாள். கெமரா வீதிக்கு அந்தப் பக்கம், போதாததற்கு வாசல் கிராதி வேறு மறைத்தது. வேதப் புத்தகமாக்கும் என்று பஸ்னா நினைத்துக்கொண்டாள்.

தலாக்காகி வந்து ஒன்றரை வருடமாகிறது. இந்த மூன்று மாதமும் பஸ்னாவுக்குத் துணையாக இருந்தது அந்த மனுசிதான் என்றால் சிரிப்பீர்கள். அவள் சிரிக்கவில்லை. சாப்பிட்டீங்களா மாமி, குளிருதா மாமி என்று திரையைப் பார்த்து உண்மையாகவே கேட்பாள்.

“ஒண்டு சொல்லவா உம்மா? நான் சிரிச்சா அவவும் சிரிக்கிறா. அண்டைக்கு நான் அழுதுபோட்டு நிமிர்ந்து பார்த்தா, அவவும் கண்ணைத் துடைக்கிறா.”

சுபைறா மகளின் தலையில் கை வைத்தாள். “இது நல்லதுக்கில்ல மகள். ஓதி நெஞ்சில ஊதிக்கொள்ளு.”

“அவவுக்கு எனக்குப் பயமில்ல. ஒபிஸால வாற இந்த எச்சரிக்கைக்குத்தான் பயம்.”

ஈமெயிலில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். வேலை போனால், மூன்று பிள்ளைகளோடு இவளைப் பெண் கேட்டு நிற்கும் ஒரு கைநீட்டுக்காரனுக்கு, கூடப்பிறந்த முனாப் காக்கா ஓம் சொல்லிவிடுவார். முதல் மனைவியின் பல்லை உடைத்தவன். ‘நீ உழைக்கிற வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டன்’ என்று காக்கா ஒரு சொல் தந்திருந்தார். அந்தச் சொல்லில்தான் பஸ்னாவின் உயிர் நின்றது.

முதல் எச்சரிக்கை இஷாத் தொழ எழும்பியதற்கு. ‘பதினொரு நிமிடம் இடத்தில் இல்லை.’ இரண்டாவது போன கிழமை. ‘வேலை நேரத்தில் யாருடனோ பேசுகிறார்.’ அப்போது வீட்டில் ஒரு குஞ்சும் இல்லை. சுபைறா பாலமுனையில் தங்கச்சி வீட்டில் நின்றாள்.

“ஆருடி நம்மட வீட்டுக்குள்ள பார்த்துப் பார்த்து எழுதுற?”

“ஆளில்ல உம்மா. லெப்டொப் கெமராவால அதுவாப் பார்க்கும், அதுவா எழுதும். மெஷினுக்கு என்ன மனசா இரிக்கி?”

முழுக்க நம்பித்தான் சொன்னாள். மணி ஏழாகியது. சுபைறா சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று ஒபிஸிலிருந்து புதிய கெமரா ஒன்றைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஊதா மாமியின் கதவுக்கு மேலே, கதிரைக்கு நேர் பின்னால் பூட்டியது. பஸ்னா ஆசை ஆசையாக அதைத் திறந்தாள்.

மாமி வந்து உட்கார்ந்திருந்தாள். உச்சந்தலை தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவளைக் கண்டதே இல்லை. நரைத்த முடி பிடரியில் சிக்குப் பிடித்துக் கிடந்தது. பஸ்னாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

“தலை வாரிவிட ஒருத்தரும் இல்லயா மாமி?” என்றாள் மெதுவாக. “நான் பக்கத்துல இருந்தா எண்ணெய் வச்சு வாரிவிடுவன்.”

மாமியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. காதுக்குள் இருந்த எதையோ விரலால் அமுக்கிக்கொண்டு உற்றுக் கேட்டாள்.

இங்கிருந்து அந்தக் கெமராவுக்குச் சத்தம் போக வழியே இல்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டு படத்தைப் பெருப்பித்தாள்.

மடியில் இருந்தது வேதப் புத்தகமில்லை, ஒரு லெப்டொப். அதில் பத்துப் பன்னிரண்டு சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கொரு முகம். மாமி ஒரு கட்டத்தைத் தொட்டாள். முக்காடு நழுவ, வாயைப் பிளந்தபடி அந்தத் திரை நிறைய பஸ்னா உட்கார்ந்திருந்தாள்.

கீழே மாமி ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக ஆங்கிலத்தில் தட்டினாள்: ‘மறுபடியும் யாருடனோ பேசுகிறார்.’ அந்த விரல் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு ‘அனுப்பு’ பொத்தானை அமுக்கியது, பஸ்னாவின் மேசையில் ஈமெயில் மணி அடித்தது.