தப்பான விடை

"மத்தியானம் சுவா எஸ்டேட்ல இந்தப் புரோகிராமைக் காட்டணும். செம்பனைப் பழ லாரியோட எடை இன்னும் மைனஸ்லதான் வருது. இந்த வேலையும் போச்சு!" என்றான் அஸ்வர்.

ஏஐயிடம் ஆறு முறை கேட்டுவிட்டான். ஆறு முறையும் "அருமையான கேள்வி" என்று பாராட்டிவிட்டு, தப்பான விடையையே தந்தது. புரோகிராமர்களின் இணையக் குழுவிலோ, அவன் நேற்றுக் கேட்ட கேள்வியை ஒருவரும் சீண்டவில்லை.

"தள்ளுங்க மச்சான்" என்று மனைவி அல்ஃபியா லேப்டாப்பை இழுத்தாள். ஏஐ தந்ததை அப்படியே எடுத்து, 'இதுதான் சரியான விடை' என்று குழுவில் போட்டாள்.

"ஐயோ, அது தப்புலா!"

"பேசாம தேத்தண்ணியக் குடிங்க."

கோப்பை காலியாவதற்குள் பதினேழு பேர் திட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சரியான விடையை வரிவரியாக எழுதி, 'இதுகூடத் தெரியாதா?' என்று முடித்திருந்தார். அதைப் புரோகிராமில் போட்டதும் எடை சரியாக வந்தது.

"கல்யாண வீட்டு நெய்ச்சோத்துக்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க மச்சான். தப்பா அள்ளினா ஊரே ஓடி வந்து கையப் பிடிக்கும்."

"கெட்டிக்காரி! ஆமா, திட்டு வாங்கினது யார் பேரு?"

"உங்க பேருதான். உங்களுக்குத்தானே பழக்கம்!"