ஒரே கிளிக்

"அக்கா, கிளிக் பண்றேன். வருதான்னு பாருங்க" என்று இன்டர்காமில் சொல்லிவிட்டு, மேனேஜர் மவுஸை ஒரு தட்டு தட்டினார். இரண்டு மாடிக்கு மேலே, பயிற்சிக்கூடத்தின் நாற்பது கம்ப்யூட்டர்களும் உயிர் பெற்றன.

அவற்றில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பவர் வந்ததும் நெட்வொர்க் வழியாகக் கீழே உள்ள சர்வரைக் கேட்டுத்தான் கண் விழிக்கும். கேட்கக் கேட்க, மேனேஜரின் திரையில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக முளைத்தன. பன்னிரண்டாவதில் மட்டும் சற்று நின்று, பிறகு தொடர்ந்தன.

"நெட்வொர்க்குக்கு மூச்சு வாங்குது, சார்" என்றார் மேனேஜர். பக்கத்தில் நின்ற டைரக்டர் சிரித்துவிட்டார்.

மேனேஜருக்கு மாடி ஏறுவதென்றால் வேப்பங்காய். அதற்காகவே பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது. தொடங்கிய அன்றே, மேலே அறையைத் துடைக்கும் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: காலையில் ஒரு மெஷின் எழுந்திருக்காவிட்டாலும், துடைக்கிற சாக்கில் ஒயரைப் பிடுங்கியது அவர்தான் என்று எழுதி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம்.

ஒரு மாதமாக ஒரு புள்ளி பிசகவில்லை. டைரக்டர் அங்கேயே பதவி உயர்வுக்கு வாக்குக் கொடுத்தார். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தானாக நடக்கும்போது மேலே தினமும் ஓர் ஆள் எதற்கு என்று, அன்று மாலையே அக்காவை நிறுத்திவிட்டார்.

மறுநாள் தேர்வு. மெஷின்கள் தயாரானால்தான் கதவைத் திறக்கலாம் என்பது விதி. பூட்டிய கதவுக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

மேனேஜர் மவுஸைத் தட்டினார். ஒரு புள்ளியும் முளைக்கவில்லை. மறுபடி தட்டினார். சர்வரை அணைத்துப் போட்டார், கேபிளை மாற்றினார், விரல் நோகத் தட்டிப் பார்த்தார். மாடி மட்டும் ஏறவில்லை.

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேற்றுக் கொடுத்த வாக்கு அவர் முகத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"வேலை போன ஆத்திரத்துல அந்தம்மா எதையோ நோண்டிட்டுப் போயிருக்காங்க, சார். நீங்களே கேளுங்க" என்று பல்லைக் கடித்த மேனேஜர், அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னத்தைக்கா பண்ணி வச்சீங்க? ஒண்ணுகூட ஆன் ஆகலை."

"மொத நாளும் ஆகலையே, சார்" என்றார் அக்கா. "வீட்டுக்கு அனுப்பிடுவீங்களேன்னு பயந்து, தினமும் நாப்பது பட்டனையும் நான்தான் ஓடி ஓடி அமுக்கிட்டிருந்தேன்."