ஆந்தையாரின் சொந்தச் சரக்கு

மரக்கிளையில் உட்கார்ந்தபடியே ஆற்றின் அக்கரையில் இருக்கும் எலிகளுக்குக் கத்திக் கத்திப் பாடம் நடத்துபவர் ஆந்தைப் பேராசிரியர். மழைக்காலம் தொடங்கியதும், வெள்ளத்தில் தப்பிப்பது பற்றித் தவளை எழுதிய பாடத்தைக் காகம் கொண்டுவந்து நீட்டியது.

"எல்லாருக்கும் பொது, ஐயா. எடுத்துக்கலாம், நம்ம பிள்ளைங்களுக்கு ஏத்தமாதிரி மாத்திக்கலாம். தவளை பேரை மட்டும் சொல்லிட்டாப் போதும்."

ஆந்தையாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஓசியில வர்றதுல என்னய்யா தரம் இருக்கும்? நான் நடத்துறதெல்லாம் சொந்தச் சரக்கு!"

காகம் பாடத்தைக் கிளையில் வைத்துவிட்டுப் பறந்து போனதும், ஒரு வரி விடாமல் அதை உருப்போட்டார்.

வெள்ளம் வந்த அன்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பல்லாண்டு ஆய்வின்படி, பதறாமல் தண்ணீருக்குள் முங்கிச் சேற்றில் படுத்துக்கொள்ளுங்கள்."

எலிகள் கழுத்தளவு தண்ணீரில் நின்று அலறின. "ஐயா, நாங்க எலிங்க!"

"சந்தேகமெல்லாம் பாடம் முடிந்த பிறகு," என்றார் ஆந்தையார்.