ரிப்போர்ட்டில் யார் கை பட்டது?

"ஏனுங்க சத்யா, நெசமாச் சொல்லுங்க. அந்த ரிப்போர்ட்டுல கை வெச்சது யாரு?"

மகுடேஸ்வரன் குரலை உயர்த்தவில்லை. முதலாளி குரலை உயர்த்தாமல் பேசினால்தான் ஆபத்து என்று அந்தப் பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஏற்றுமதிக் காகிதங்களைக் கவனிக்கும் சத்யப்பிரியாவுக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

"நான் தெறந்துகூடப் பார்க்கலீங்க சார். தெறந்தா மாறிருமோன்னு பயந்துட்டு, நீங்க அனுப்புனதை அப்படியே ஏத்துனேங்க."

"அப்பறம் ஏன் மூணு தடவையும் திருப்பிட்டாங்க?"

அதுதான் ஒருவருக்கும் புரியவில்லை. ஐரோப்பாவுக்குப் போகிற கைக்குழந்தை உடுப்பு. சாயத்தில் நஞ்சு இல்லை என்று லேப் கொடுக்கும் ரிப்போர்ட்டை, அங்கே உள்ள ஒரு டிஜிட்டல் காப்பகத்தில் பத்து வருடம் வைக்க வேண்டும் என்று இந்த சீசனில்தான் சரக்கு வாங்கும் பையர் புதிதாக நிபந்தனை போட்டிருந்தார். காப்பகம் வாங்கிக்கொண்டால் எந்த ஐரோப்பிய நாட்டுக் கோர்ட்டிலும் அது செல்லுபடியாகும். வாங்கிக்கொண்டால்தான் கன்டெய்னரும் கிளம்பும். ஆனால் மூன்று முறையும் ஒரே பதில்: 'லேப் கையெழுத்துப் போட்ட பிறகு இந்த ஃபைல் மாற்றப்பட்டிருக்கிறது.'

"கையெழுத்துன்னு சொல்றாங்களே, அது எங்கீங்க இருக்குது? நான் பார்த்தப்ப ஒண்ணையும் காணோமே?"

"அது கண்ணுக்குத் தெரியாதுங்க சார். ஃபைலுக்குள்ளயே இருக்கும். ஒரு புள்ளி கூடுனாக்கூடக் காட்டிக் குடுத்துரும்."

"புள்ளி கூடுனது தெரியுது. கூட்டுனவன் யாருன்னு மட்டும் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"நல்ல காப்பகமுங்க!"

கம்ப்யூட்டர் பார்க்கும் செல்வக்குமார் காலையிலேயே வந்து, இரண்டு கம்ப்யூட்டரையும் அலசிவிட்டு, வைரஸ் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லேப்காரர்களோ, தாங்கள் சரியாகத்தான் அனுப்பினோம் என்று அடித்துச் சொன்னார்கள்.

"லேப்ல தப்பில்லீங்க. வைரஸும் இல்லீங்க. மெயில் எனக்கு வருது, நான் பார்த்து உங்களுக்கு அனுப்பறேன், நீங்க ஏத்தறீங்க. நடுவுல பூதமா வந்து மாத்துது?"

சத்யப்பிரியாவுக்கு இப்போது தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் எதையாவது அழுத்தித் தொலைத்துவிட்டோமோ? தூக்கக் கலக்கமோ?

"ஊத்துக்குளி ரோட்டுக் கம்பெனிக்காரரு உங்களை வேலைக்குக் கூப்பிட்டாராமே?"

அவளுக்குச் சுருக்கென்றது. "போன வருசமே வேண்டாம்னுட்டேங்க சார். அவங்க பேச்சைக் கேட்டுட்டு நம்ம ஆர்டரை நான் கெடுப்பேனுங்களா?"

"நான் அப்படிச் சொல்லலீங்க. ஆனா என் பக்கம் ஒரு எழுத்து மாறலை. நல்ல நேரம் பார்த்து, சாமியக் கும்பிட்டுட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அனுப்பறேன். மூணாவது தடவை இன்னும் கவனமா அனுப்புனேன். அதுக்கு மேல நான் என்னதாங்க பண்ணட்டும்?" அவர் எழுந்துகொண்டார். "நாளைக்குள்ள இது யாரு வேலைன்னு தெரியலீன்னா, நீங்க வேற எடம் பார்த்துக்குங்க."

ஏழு வருட வேலை. மடத்துக்குளத்தில் அப்பாவிடம் என்ன சொல்வது? செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதுகூடப் பரவாயில்லை, என்ன தப்பு என்றே தெரியாமல் வாங்குவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மெயில் வந்து விழுந்தது.

"சார், காப்பகத்துல இருந்துங்க! என்ன மாறியிருக்குன்னு நேத்து எழுதிக் கேட்டிருந்தேன்."

கதவு வரை போனவர் திரும்பி வந்தார். "சத்தமாப் படிங்க. தமிழ்லயே சொல்லுங்க."

"எண்கள்ல ஒரு மாற்றமும் இல்லையாமுங்க. முதல் பக்கத்து உச்சியில மட்டும் ஏதோ ஒரு குறி புதுசா இருக்குதாம். முதல் தடவை சின்னதா இருந்துச்சாம், ஒவ்வொரு தடவையும் பெருசாகிட்டே வருதாம். அவங்க நிபுணர்கள் அஞ்சு பேரு உக்காந்து பார்த்தும், அது என்னன்னு வெளங்கலையாம். படம் அனுப்பியிருக்காங்க."

"பாத்தீங்களா! எவனோ வேணும்னேதான் பண்றான். தெறங்க அதை. இன்னிக்கு அவன் ஆருன்னு பாத்துடலாம்."

படம் திறந்தது. சத்யப்பிரியா அதைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி முதலாளியைப் பார்த்தாள்.

காப்பகத்தார் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்த இடத்தில், மவுஸால் கோணல்மாணலாக, ஆனால் மிகுந்த பக்தியோடு போடப்பட்டிருந்தது ஒரு பிள்ளையார் சுழி.

"அது போடாம எப்படீங்க ஒரு காயிதத்த அனுப்பறது?" என்றார் மகுடேஸ்வரன்.